ஏரிச் செய்தியில் காணாமல் போகும் வினாடி

ஐப்பசி பிறந்ததும் சென்னையில் முக்கால்வாசிப் பேர் தினமும் ஏரிச் செய்தி பார்க்க ஆரம்பித்துவிடுவோம். ‘செம்பரம்பாக்கம் நீர்மட்டம் 21 அடி, இருப்பு 2,800 மில்லியன் கனஅடி, நீர்வரத்து 600 கனஅடி’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும் (எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை). மூன்று எண், மூன்றிலும் அடி இருக்கிறது. ஆனால் மூன்றும் வேறு வேறு இனம். முதலாவது வெறும் நீளம். இரண்டாவது, நீளத்தை நீளத்தால் பெருக்கி, மறுபடி ஒரு தடவை நீளத்தால் பெருக்கி வந்த கொள்ளளவு. மூன்றாவது கொள்ளளவே இல்லை, கொள்ளளவை நேரத்தால் வகுத்தது. ‘வினாடிக்கு 600 கனஅடி’ என்று இருக்க வேண்டும். இடம் போதாமலோ பழக்கத்தினாலோ அந்த ‘வினாடிக்கு’ பல நேரம் விட்டுப்போகிறது.

அந்த ஒரு சொல் போனால் என்ன ஆகிறது? ‘ஏரியில 2,800 மில்லியன் கனஅடி இருக்கு, வர்றது வெறும் 600 கனஅடி, இது எந்த மூலைக்கு?’ என்று டீக்கடையில் ஒருவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்விதான், அவருக்குக் கொடுக்கப்பட்ட வரி அப்படி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வினாடிக்கு 600 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் கிட்டத்தட்ட 52 மில்லியன் கனஅடி சேரும். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, மிச்சம் 845 நிரம்ப வேண்டும், அப்படியென்றால் இதே வரத்து நீடித்தால் பதினாறு பதினேழு நாளில் ஏரி தளும்பும். ‘எந்த மூலைக்கு’ என்று தோன்றிய எண், ஏரியின் உபரிநீர் ஓடும் அடையாற்றங்கரையில் குடியிருப்பவர் கவனிக்க வேண்டிய எண்ணாக மாறுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அதே ஏரியிலிருந்து 29,000 கனஅடி வரை திறக்கப்பட்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதுவும் வினாடிக்குத்தான். ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர், ஆக வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் ஒவ்வொரு வினாடியும் 68 லாரி. அந்த வேகத்தில் முழு ஏரியும் காலியாக 35 மணி நேரம் போதும். எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற அந்த ‘வினாடிக்கு’ எவ்வளவு முக்கியமான சொல் என்று எனக்கு உறைத்தது அந்த வாரத்தில்தான்.

மழைச் செய்தி இன்னும் ஆச்சரியமானது. ‘நுங்கம்பாக்கத்தில் 10 செ.மீ. மழை’ என்கிறார்கள். பெய்தது தண்ணீர், தண்ணீருக்குக் கொள்ளளவு உண்டு, அதை எப்படி நீளத்தில் சொல்கிறார்கள்? பெய்த கொள்ளளவை அது பெய்த பரப்பால் வகுத்துவிடுகிறார்கள், அதனால்தான். நீளத்தின் கனத்தை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மிச்சம் வெறும் நீளம். அதைத் திருப்பிப் போட்டால் வீட்டுக் கணக்கு வந்துவிடும்: ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர், அதன் மேல் 10 செ.மீ. மழை என்றால் 22,300 லிட்டர். இரண்டு லாரித் தண்ணீர் ஒரே நாளில் ஒரு மனையில் விழுகிறது. மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கியது ஏன் என்பதற்கு இந்த ஒரு பெருக்கல் போதும்.

சரி, இதற்கெல்லாம் இயற்பியலில் ஒரு பெயர் இருக்கிறது: பரிமாணம். பிளஸ் ஒன் இயற்பியலின் முதல் பாடத்திலேயே வந்துவிடும். அடிப்படை அளவுகள் ஏழு: நீளம், நிறை, காலம், மின்னோட்டம், வெப்பநிலை, பொருளின் அளவு, ஒளிச்செறிவு. மற்றதெல்லாம் இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் வருகிற வழி அளவுகள். பரப்பு என்றால் நீளம் இரண்டு தடவை, வேகம் என்றால் நீளத்தைக் காலத்தால் வகுத்தது, விசை என்றால் நிறையும் நீளமும் மேலே, காலம் இரண்டு தடவை கீழே. அலகு வேறு, பரிமாணம் வேறு என்பதையும் இங்கேயே பிரித்துக்கொள்ள வேண்டும். அடி, மீட்டர், முழம் மூன்றும் அலகுகள், பரிமாணம் மூன்றுக்கும் ஒன்றே, நீளம். பூக்காரம்மாவின் முழமும் என் முழமும் ஒன்றில்லை, அதனால் அலகில் தகராறு வரலாம், பரிமாணத்தில் வராது. ஆனால் அதே மல்லி கோயம்பேட்டில் கிலோவில் விலை போகிறது பாருங்கள், அங்கே பரிமாணமே மாறிவிடுகிறது. முழத்திலிருந்து மீட்டருக்குப் போக ஓர் எண் போதும். முழத்திலிருந்து கிலோவுக்குப் போக, எவ்வளவு நெருக்கமாகக் கட்டினார்கள், பூ எவ்வளவு ஈரம் என்று அந்தச் சரத்தைப் பற்றியே ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

என் அக்கா மகள் இந்த வருடம் பிளஸ் ஒன். அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்: ‘மாமா, நீளம் அடிப்படை, கொள்ளளவு வழி அளவுன்னு இருக்கு. இதை யார் முடிவு பண்ணாங்க? தாத்தா நெல்லு அளக்கும்போது நீளத்தையா அளந்தாரு?’

இதைவிட நல்ல கேள்வியை அந்தப் பாடத்தில் கேட்க முடியாது என்று நினைக்கிறேன். நம் பழைய கணக்கில் எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகள் தனித்தனி. படியும் மரக்காலும் கலமும் முகத்தல் அளவை, முழமும் கோலும் நீட்டல் அளவை. ஒரு படி என்பது இத்தனை விரல் நீளம், அகலம், உயரம் என்று யாரும் பெருக்கிப் பார்த்துப் புழங்கவில்லை. படி என்றால் படி, அதுவே மூலம். அதாவது அந்த முறையில் கொள்ளளவும் ஓர் அடிப்படை அளவு. அதில் ஒன்றும் தப்பில்லை, வியாபாரம் பல நூறு வருடம் நடந்தது. 1967 தேர்தலில்கூட ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்றுதான் முழக்கம், மெட்ரிக் எடைகள் வந்த பிறகும் ஜனங்களின் மனக்கணக்கு முகத்தலில் இருந்தது. லிட்டர் என்பது பத்து சென்டிமீட்டர் பக்கம் கொண்ட கனசதுரம் என்று நீளத்தோடு முடிச்சுப் போட்ட பிறகுதான் கொள்ளளவு வழி அளவு ஆயிற்று.

எனவே அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினார்கள் கண்ணு. காவுஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 1832இல் காந்தவிசையை நீளம், நிறை, காலம் மூன்றிலேயே சொல்லிக் காட்டினார். மின்சாரத்துக்கும் அதே வழியைப் பிடித்தார்கள், சி.ஜி.எஸ். (சென்டிமீட்டர், கிராம், வினாடி) நிலைமின் முறையில் மின்னூட்டத்தின் பரிமாணம் நிறையின் வர்க்கமூலம், நீளத்தின் ஒன்றரை அடுக்கு, அதைக் காலத்தால் வகுத்தது என்று வரும். 1901இல் ஜியார்ஜி என்ற இத்தாலியப் பொறியாளர், மின்சாரத்துக்கு என்று நான்காவதாக ஓர் அலகைச் சேர்த்துவிட்டால் இந்தப் பின்ன அடுக்குகளெல்லாம் ஒழியும் என்றார், பிற்பாடு அதுவே நிலைத்தது. 1960இல் எஸ்.ஐ. என்ற சர்வதேச அலகு முறை அறிவிக்கப்பட்டபோது அடிப்படை அலகு ஆறு, பொருளின் அளவுக்கான மோல் சேர்ந்தது 1971இல். அதே மின்னூட்டம்தான், ஒரு முறையில் ஒரு பரிமாணம், இன்னொன்றில் வேறு பரிமாணம். ஆகவே எது அடிப்படை என்பது நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். ஆனால் ஒப்பந்தம் போட்டு முடித்த பிறகு வழி அளவுகளில் நம் விருப்பம் எதுவும் செல்லாது. நீளமும் காலமும் அடிப்படை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வேகத்தின் பரிமாணம் ஒன்றே ஒன்றுதான், அதைப் பேரம் பேச முடியாது. பாடப்புத்தகம் இந்த முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதியிலிருந்து ஆரம்பித்துவிடுவதால் பிள்ளைகள் ஏழையும் மனப்பாடம் பண்ணுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இந்தப் பாடத்தைச் சென்னைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கேயும் போக வேண்டாம். அடிப்படை அளவு இரண்டை அளந்து, அவற்றிலிருந்து ஒரு வழி அளவைக் கண்டுபிடித்த வேலை இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது.

நீளம் முதலில். 1802 ஏப்ரலில் நில அளவை செய்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது முக்கோணக் கணக்குக்கு ஆதாரமான நேர்கோட்டை, அளக்க ஆரம்பித்தார். கையில் 100 அடி எஃகுச் சங்கிலி. அளந்த நீளம் அந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் கோணம். கோணம் என்பது நீளத்தை நீளத்தால் வகுத்தது, அதற்குப் பரிமாணமே கிடையாது. ஆகவே முக்கோணத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சங்கிலியால் அளந்துவிட்டால் மற்ற இரண்டு பக்கமும் கோணங்களிலிருந்து வந்துவிடும், அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு ஆதாரம். இடையிடையே சரிபார்க்க வேறு அடிக்கோடுகளும் அளந்தார்கள்தான், ஆனாலும் பரங்கிமலையில் தொடங்கிய அந்த முக்கோண வலை பிற்பாடு இமயம் வரை போய்ச் சேர்ந்தது. மீட்டரோ அடியோ கோணத்தில் ஒளிந்திருக்காது, யாராவது ஓர் இடத்தில் குனிந்து சங்கிலி போட்டே ஆக வேண்டும். அந்தக் குனிதல் நடந்தது நம் பக்கத்தில்.

சென்னைச் சித்திரை வெயிலில் எஃகு நீளும். பத்து டிகிரி கூடினால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும். கேட்க அற்பமாக இருக்கும், ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை போட வேண்டும், மொத்தப் பிழை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். அதனால் லாம்டன் நிழல் போட்டு, வெப்பநிலை பார்த்து, திருத்தம் போட்டு அளந்தார். நீளம் அடிப்படை அளவு என்று புத்தகம் சொன்னாலும் அதை நல்லபடி அளக்க வெப்பநிலை என்ற இன்னோர் அடிப்படை அளவு வேண்டியிருக்கிறது. ஏழும் ஏழு தனித்தனி அறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் காலம். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கிற வளாகத்தில் 1792இல் மதராஸ் வானாய்வகம் வந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். நட்சத்திரங்கள் உச்சியைக் கடப்பதைப் பார்த்துக் கடிகாரம் சரிசெய்வது அங்கே அன்றாட வேலை. இந்திய நேரம் 1906இல் வரும் வரை ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில்.

நீளமும் காலமும் கையில் இருக்கிறது, அடுத்தது வேகம். வானாய்வகத்தை நடத்திய ஜான் கோல்டிங்காம் 1820-களின் தொடக்கத்தில் ஒலியின் வேகத்தை இந்த ஊரிலேயே அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிப்பார்கள், நுங்கம்பாக்கத்திலிருந்து தீப்பொறி தெரிந்த கணத்துக்கும் சத்தம் வந்த கணத்துக்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். பரங்கிமலை அங்கிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர், சத்தம் வர 26 வினாடி ஆகும். தூரத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம். வேகம் மாதத்துக்கு மாதம் மாறுவதையும் அவர் பதிவு செய்தார், அதற்குக் காரணம் பெரும்பாலும் வெப்பநிலை. ஒரு டிகிரி கூடினால் ஒலி வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாகப் போகும். நம்மிடம் ‘கூப்பிடு தூரம்’ என்று ஓர் அழகான அளவு இருக்கிறது, ஒலியை வைத்து நீளம் சொல்வது. கோல்டிங்காம் செய்தது அதன் மறுபக்கம், நீளத்தை வைத்து ஒலியைச் சொல்வது.

இப்போது பீரங்கியே இல்லாமல், பரிமாணத்தை மட்டும் வைத்து ஒலியின் வேகத்தை யூகிக்க முடியுமா என்று பார்ப்போம். காற்றில் ஒலி போகிறது, அப்படியென்றால் காற்றின் அழுத்தமும் அடர்த்தியும் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அழுத்தம் என்பது பரப்பால் வகுத்த விசை. பிரித்துப் பார்த்தால் மேலே நிறை, கீழே ஒரு நீளமும் இரண்டு காலமும். அடர்த்தி என்பது மேலே நிறை, கீழே மூன்று நீளம். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் நிறை ஓடிப்போகும், மிஞ்சுவது மேலே இரண்டு நீளம், கீழே இரண்டு காலம். அது வேகத்தின் வர்க்கம். ஆக ஒலியின் வேகம் √(அழுத்தம் ÷ அடர்த்தி) என்ற வடிவத்தில்தான் இருக்க முடியும், வேறு எப்படிச் சேர்த்தாலும் வேகம் வராது. முப்பது டிகிரிச் சென்னைக் காற்றுக்கு எண் போட்டால் வினாடிக்கு சுமார் 295 மீட்டர் கிடைக்கிறது. உண்மையில் 349.

இந்த இடைவெளி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நியூட்டன் வேறு வழியில் யோசித்து வந்து நின்றதும் இதே வாய்ப்பாட்டில்தான், குறைவான அதே விடையில்தான். ஒலி போகும்போது காற்று அமுங்குகிற இடத்தில் சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைப்பதில்லை, அதனால் காற்று இன்னும் விறைப்பாக நடந்துகொள்கிறது என்று லாப்லாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பிற்பாடு விளக்கினார், அதற்காக √1.4, அதாவது 1.18 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 295ஐ 1.18ஆல் பெருக்கிப் பாருங்கள், 349க்கு ஒட்டியே வரும். அந்த 1.4க்குப் பரிமாணம் இல்லை. ஆகவே பரிமாணத்தை எவ்வளவு பிழிந்தாலும் அது வெளியே வராது, காற்றின் குணம் தெரிந்தால்தான் வரும். பரிமாணப் பகுப்பாய்வின் பலமும் எல்லையும் இந்த ஓர் உதாரணத்துக்குள்ளேயே இருக்கிறது: வடிவத்தைக் கொடுக்கும், எண்ணைக் கொடுக்காது.

ஊசலுக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால், ஒரு முறை போய்வர ஆகும் நேரம் நூலின் நீளத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் வைத்து மட்டுமே அமையும். பூட்டின் நிறை உள்ளே வரவே முடியாது, ஏனென்றால் அதை ரத்து செய்ய அங்கே வேறு நிறை இல்லை. ஒரு மீட்டர் நூலுக்குப் பரிமாணம் கொடுக்கும் விடை 0.32 வினாடி, உண்மை இரண்டு வினாடி, நடுவில் விட்டுப்போனது 2π. அக்கா மகள் சின்னப் பூட்டையும் கேட்டுப் பூட்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாள், நேரம் மாறவில்லை.

இன்னோர் எல்லையும் உண்டு. பரிமாணம் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே பொருள் ஆகிவிடாது. ஸ்பேனரில் நாம் கொடுக்கும் திருப்பு விசைக்கும் ஆற்றலுக்கும் பரிமாணம் ஒன்றே, ஆனால் ஒன்றை இன்னொன்றோடு கூட்டினால் அர்த்தமில்லை. பரிமாணம் வேறாக இருந்தால் நிச்சயம் தப்பு, ஒன்றாக இருந்தால் சரியாக இருக்கலாம். அவ்வளவுதான் அது தரும் உத்தரவாதம்.

ஆனால் அந்த அளவு உத்தரவாதமே வீட்டில் நிறைய உதவும். மின்சார பில்லில் வரும் ‘யூனிட்’ என்பது ஆற்றல்: 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல். வாட் என்பது ஆற்றலை ஏற்கெனவே காலத்தால் வகுத்தது, அதைக் காலத்தால் மறுபடி பெருக்கினால்தான் ஆற்றல் திரும்பி வரும். ‘கிலோவாட் பர் அவர்’ என்று பலர் சொல்கிறார்கள், அது வகுத்ததையே மறுபடி வகுப்பது, பெருக்க வேண்டிய இடம் அது.

ஏ.சி. வாங்கப் போனால் ‘ஒன்றரை டன்’ என்பார்கள். டன் என்றால் நிறை என்றுதானே நினைப்போம்? இது நிறை இல்லை, திறன். ஐஸ் கட்டியால் குளிர்வித்த காலத்தின் மிச்சம் அது: ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வீதம்தான் ஒரு டன். ஒரு கிலோ ஐஸ் உருக 3,34,000 ஜூல் வேண்டும். 907ஆல் பெருக்கி 86,400ஆல் வகுத்தால் சுமார் 3,500 வாட். ஏரிச் செய்தியில் ‘வினாடிக்கு’ விட்டுப்போன மாதிரி இங்கே ‘ஒரு நாளில் உருகும் ஐஸ்’ விட்டுப்போய் வெறும் டன் மட்டும் நின்றுவிட்டது. திருவல்லிக்கேணி கடற்கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேர்த்து வைக்க 1842 வாக்கில் கட்டியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த டன் கணக்கு ஞாபகம் வரும்.

குடிநீர் ஒப்பந்தத்திலும் இதைப் பார்க்கலாம். 1983இல் போட்ட கிருஷ்ணா நீர் ஒப்பந்தப்படி சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும். டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கனஅடி, கொள்ளளவு. ‘ஆண்டுக்கு’ சேர்ந்தால்தான் அது வரத்து. அதை நாள் கணக்காக்கினால் சுமார் 93 கோடி லிட்டர், ஏரிச் செய்தியின் கணக்காக்கினால் வருடம் முழுக்க நிற்காமல் வினாடிக்கு 380 கனஅடி. மூன்றும் ஒரே பரிமாணம், அலகு மட்டும் வேறு, அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தயங்காமல் போய்வரலாம். 21 அடி என்ற நீர்மட்டத்திலிருந்து இருப்புக்கு அப்படிப் போக முடியாது, ஏரி செவ்வகத் தொட்டி இல்லை, அடியில் குறுகி மேலே விரியும். ஒவ்வோர் ஏரிக்கும் இந்த மட்டத்துக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு அட்டவணையே தேவைப்படும்.

கடைசியாக, அக்கா மகளின் கேள்விக்கு இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது. அந்த ஒப்பந்தம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னையில் ‘கிண்டிக்கு எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் ‘முக்கால் மணி நேரம்’ என்று பதில் வரும். நீளம் கேட்டால் காலத்தைச் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது, ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஒரு தூரம், இரவு பதினொரு மணிக்கு ஒரு தூரம். வேகம் என்றைக்கும் மாறாமல் இருந்தால் இப்படிச் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. மாறாத வேகம் ஒன்று இருக்கிறது, ஒளியின் வேகம். 1983இல் மீட்டரை அப்படியே வரையறுத்துவிட்டார்கள்: வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம். 2019 மே 20 முதல் கிலோகிராமும் பாரிஸ் பக்கத்தில் வைத்திருந்த உலோக உருளையை விட்டுவிட்டு குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியோடு சேர்ந்துகொண்டது, அந்த மாறிலியின் பரிமாணத்திலேயே நீளமும் காலமும் இருப்பதால் கிலோகிராமுக்கும் வினாடி வேண்டியிருக்கிறது. ஏழு அடிப்படை அலகுகள் என்ற பெயர் மாறவில்லை. அடியில் போய்ப் பார்த்தால் சீசியம் அணுவின் 919,26,31,770 துடிப்புகளை எண்ணுகிற வினாடிதான் மற்றவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்குகிறது, மோல் மட்டும் வெறும் எண்ணிக்கை.

பரங்கிமலையில் பீரங்கி வெடித்தபோது அதன் ஒளி நுங்கம்பாக்கத்துக்கு வர ஆன நேரம் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 30 பங்கு. கோல்டிங்காம் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டார், அவருடைய கடிகாரத்துக்கு அதுதான் சரி. அதே ஒன்பது கிலோமீட்டரை இன்று ஒருவர் லேசர் விட்டு அளந்தால், அவர் எண்ணுவது அந்த 30 பங்கை மட்டும்தான், போக ஒரு தடவை, திரும்பி வர ஒரு தடவை.